குயில்ட் தைக்கும் மகளை எங்கே சேர்ப்பது?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் பிளஸ் டூவில் காமர்ஸ் படிக்கிறாள், டெய்லர் கடை வெட்டுத்துணிகளை வாங்கி வந்து ராத்திரி பகலாகக் குயில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கிறாள், நீங்கள் பி.காம் என்கிறீர்கள், அவள் மாட்டேன் என்கிறாள். பேச்சே நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பேச ஆரம்பியுங்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

உங்கள் பயம் சோற்றைப் பற்றியது, சரியான பயம். கட்டில் அளவுக் குயில்ட் ஒன்றைக் கையால் தைக்க 200 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 ரூபாய் கூலி போட்டாலே 20,000. துணி, நடுவில் வைக்கும் பஞ்சு, நூல் எல்லாம் தனி. கேலரி வழியாக விற்றால் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அவர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். ஆக 40,000 ரூபாய்க்குக் கீழே விற்றால் கட்டுப்படியாகாது. அந்த விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மாதாமாதம் வரமாட்டார்கள். கண்காட்சியை நம்பி மட்டும் வீட்டு வாடகை கொடுக்க முடியாது என்பதை அவளிடமும் நான் இப்படியே சொல்வேன்.

அதற்காக பி.காம்தான் வழி என்று ஆகிவிடாது. அவள் படிக்க வேண்டியது துணி வடிவமைப்பு, அதாவது டெக்ஸ்டைல் டிசைன். கரூரிலிருந்து படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, தலையணை உறை எல்லாம் வெளிநாட்டுக்குப் போகின்றன. சீசனுக்குச் சீசன் அங்கே புது டிசைனும் சாம்பிளும் கேட்பார்கள். அந்த வேலை சம்பளம் தரும், அவளுடைய குயில்ட் பக்கத்திலேயே வளரும். இப்படி வேலையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கலை செய்கிறவர்கள்தான் இந்தத் துறையில் நீடிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரியான நிஃப்டின் சென்னை வளாகத்தில் நான்கு வருட பி.டெஸ்., அதாவது வடிவமைப்புப் பட்டப்படிப்பு இருக்கிறது. பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் நுழைவுத் தேர்வு எழுதலாம். எழுத்துத் தேர்வும் வரைதல் தேர்வும் முடிந்த பிறகு, கையில் பொருட்களைக் கொடுத்து ஒரு மாதிரி செய்யச் சொல்வார்கள். தையல் பழகிய பெண்ணுக்கு அங்கே பயம் இருக்காது. செலவை மறைக்காமல் சொல்கிறேன்: விடுதியோடு சேர்த்தால் நான்கு வருடத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டண உதவி உண்டு, அதை விசாரிக்காமல் முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியிலும் துணி வடிவமைப்புப் பிரிவு இருக்கிறது. 1850இல் தொடங்கிய கல்லூரி, அரசுக் கட்டணம். பணம்தான் தடை என்றால் நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

இப்போது அவள் தைத்த ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வேலையின் லட்சணம் பின்பக்கத்தில்தான் தெரியும். ஓரம் விட்ட அளவு எல்லா இடத்திலும் கால் அங்குலமாக இருக்கிறதா? நான்கு துண்டுகள் சேரும் முனை ஒரே புள்ளியில் கூடுகிறதா, இல்லை ஒன்று தள்ளி நிற்கிறதா? தையல் மடிப்பை ஒரு பக்கமாக அயர்ன் செய்திருக்கிறாளா? சுங்குடித் துண்டை அலசாமல் வெள்ளைத் துணியோடு சேர்த்திருந்தால் முதல் சலவையில் சாயம் இறங்கிவிடும். இதையெல்லாம் யாரும் சொல்லாமலே அவள் கவனித்திருந்தால், அம்மா, இது பொழுதுபோக்கு இல்லை.

டிசைனுக்கு அவள் இணையத்தில் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வரைகிறாள் என்கிறீர்கள். பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் தேர்வில் எடுபடுவது அவள் கண் நேரில் பார்த்தது. மதுரையில் இருந்துகொண்டு வேறெங்கே தேட வேண்டும்? சௌராஷ்டிரப் பெண்கள் நகத்தால் கிள்ளி நூல் சுற்றி முடிச்சுப் போடும் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத புள்ளியோடு துணியில் ஒரு சின்ன மேடும் நிற்கும். விரலால் தடவினால் தெரியும், படத்தில் தெரியாது. சித்திரைத் தேரில் தொங்குகிற தொம்பைகளும், அதாவது உருளை வடிவத் துணித் தொங்கல்களும், ஒட்டுத்துணி வேலைதான். கலர் துணியை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைப்பது. மீனாட்சி கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் தலைமுறையாக மிஷின் போட்டிருந்த தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். அழகர் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடையை எப்படி வெட்டுகிறார்கள் என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்க்கட்டும். கீழடி அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப் போங்கள். நூல் நூற்கும் தக்களியும் பானைக் கீறல்களும் அவளுக்கு ஒரு நோட்டு நிறைய வேலை கொடுக்கும்.

இதைக் கலையென்று உலகம் மதிக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், கறுப்பினப் பெண்கள் குளிருக்காகப் பழைய வேலைத்துணிகளை ஒட்டித் தைத்த குயில்ட்கள் 2002இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஏறின. 2006இல் அந்நாட்டு அஞ்சல் தலைகளிலும் வந்தன. நம் வீடுகளில் பழைய சேலைகளை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரித்த ஆச்சிகளும் செய்தது அந்த வேலையைத்தான்.

நிஃப்ட் அறிவிப்பை அக்டோபரிலிருந்து இணையத்தில் பார்த்துக்கொண்டே இருங்கள். அதற்குள் அவள் ஒரு பெரிய குயில்ட்டை முழுசாக முடிக்கட்டும். வரைந்த தாள்களைக் கிழிக்காமல் தேதி போட்டு வைக்கட்டும். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து நேரில் வாருங்கள். முடித்ததோடு பாதியில் விட்டதையும் எடுத்து வரச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறாள் என்று பார்த்தால்தான் எந்தக் கல்லூரி பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியும்.