எலெக்ட்ரிக் கிடாரில் இரண்டு பிக்கப் சேரும்போது ஹம் அடங்க வேண்டுமானால்: கேள்வி பதில்

கே: என் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) கிடாரில் நடு பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருளை, மட்டும் மாற்றினேன் சார். முன்பு இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் 2, 4 நிலைகளில் ஹம் (ஆம்ப்பில் கேட்கும் உறுமல்) இருக்காது, இப்போது இருக்கிறது. புதிய பிக்கப் பழுதா?

ப: பழுதில்லை, ஜோடி சேரவில்லை. பழையதில் கம்பிச் சுற்றின் திசையும் காந்தத் துருவமும் மற்ற இரண்டுக்கும் எதிராக இருந்திருக்கும். கரண்டிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ஹம்முக்குக் காந்தம் ஒரு பொருட்டே இல்லை, சுற்றின் திசைதான் கணக்கு. தந்தியின் ஓசைக்கோ இரண்டுமே கணக்கு. இரண்டையும் திருப்பினால் ஹம் அடங்கும், ஓசை ஒன்றாகச் சேரும். வயர்களை மட்டும் இடம் மாற்றினால், அதாவது சுற்றின் திசையை மட்டும் திருப்பினால், ஹம் போகும், ஆனால் ஓசை மெலிந்து மூக்கடைத்த மாதிரி ஆகிவிடும். காந்தத்தை மட்டும் திருப்புவதுதான் படுமோசம்: ஓசையும் மெலியும், ஹம்மும் அப்படியே இருக்கும்.

கே: பொருத்தும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா அண்ணா?

ப: முடியும். இரண்டையும் முகத்துக்கு முகம் பிடியுங்கள். இழுத்தால் காந்தம் எதிரெதிர், தள்ளினால் ஒரே துருவம். அடுத்து மல்ட்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, ஹாட் வயரில் (ஓசையை எடுத்துச் செல்லும் வயர்) சிவப்பு முனை, கிரவுண்டில் கறுப்பு. ஸ்க்ரூடிரைவரை பிக்கப்பின் முகத்தில் ஒட்டவிட்டுச் சட்டென்று மேலே இழுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். இரண்டு பிக்கப்பிலும் ஒரே பக்கம் நகர வேண்டும். காந்தம் எதிராகவும் நகர்வு ஒன்றாகவும் இருந்தால் அதுதான் சரியான ஜோடி.

கே: காந்தத்தை எப்படித் திருப்புவது?

ப: அடியில் செராமிக் பட்டை ஒட்டிய மலிவு வகையில் பட்டையைப் பெயர்த்துக் கவிழ்த்து ஒட்டினால் போதும். பி-90 வகை பிக்கப்பில் அடியிலுள்ள இரு காந்தப் பட்டைகளையும் கவிழ்க்க வேண்டும். அல்நிக்கோ (காந்த உலோகக் கலவை) தண்டுகளின் மேலேயே சுற்றிய ஃபெண்டர் வகையில் தண்டைத் தள்ளி எடுக்கவே எடுக்காதீர்கள், உள்சுற்று அறுந்துவிடும். அதற்குப் பதில் இரண்டு பெரிய நியோடிமியம் காந்தங்களை, ஒன்றையொன்று இழுக்கும்படி, வைஸின் (பட்டறைப் பிடிப்பான்) இரு தாடைகளிலும் ஒட்டி நடுவே பிக்கப்பை நுழைத்து எடுங்கள். பிக்கப்பின் முகத்தைத் தள்ளுகிற காந்தம் முகத்தின் பக்கம் இருக்க வேண்டும். விரல் பத்திரம்.

கே: டெலிகாஸ்டர் நெக் பிக்கப்பில் வயர்களை மாற்றிப் பற்றவைத்தேன். பிக்கப்பின் உலோக மூடியைத் தொட்டாலே உறுமுகிறது.

ப: மூடி, கிரவுண்டாக இருந்த வயரோடு ஒரு சின்ன ஜம்பரால் இணைந்திருக்கிறது. மாற்றியதும் மூடி ஹாட் ஆகிவிட்டது. ஜம்பரை நடுவில் வெட்டி, மூடியிலிருந்து தனி வயர் கிரவுண்டுக்குக் கொடுங்கள். சுற்றின் முனை இருக்கும் துளையருகே சால்டரிங் இரும்பை வைக்காதீர்கள். அந்தக் கம்பி 43 கேஜ் (கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும்), முடியை விட மெலிது.

கே: இரண்டு பிக்கப்பின் ரெசிஸ்டன்ஸும் ஒன்றாக இருக்க வேண்டுமா?

ப: ஒரே கேஜ் கம்பி, ஒரே வகை பிக்கப் என்றால்தான் அந்த எண்ணை நம்பலாம். 42 கேஜில் 6 கிலோ ஓம், 43 கேஜில் 7 கிலோ ஓம் என்றால் சுற்றுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். எண்ணிக்கை வேறுபட்டால் கொஞ்சம் ஹம் மிஞ்சும். பிக்கப்பை ஏற்றி இறக்கிச் சரிசெய்யப் பார்ப்பது வீண்: உயரம் தந்தியின் ஓசையை மாற்றும், ஹம்மை மாற்றாது.

கே: ஜாஸ் பேஸ் கிடாரில் ஒரு பிக்கப்பின் வால்யூமைக் குறைத்ததும் ஹம் வருகிறதே?

ப: வரத்தான் செய்யும். இரண்டும் சம அளவில் இருந்தால்தான் முழுதாக அடங்கும்.

கே: எல்லாம் சரியாக இருந்தும் கரகரப்பு இருக்கிறது. தந்தியைத் தொட்டால் குறைகிறது.

ப: அது ஹம் இல்லை, மறைப்பு போதவில்லை. பிக்கப் குழிகளிலும் பிக்கார்டின் (கிடாரின் முகப்புத் தகடு) அடியிலும் செப்புத் தாளை ஒட்டி, துண்டுகள் சேரும் இடங்களில் ஈயம் வைத்து, கிரவுண்டோடு இணையுங்கள்.