சார்டர் ஸ்கூலுக்கு எட் கோடே கிடையாதா?

சான் ஹோசேல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையன் படிக்கிற சார்டர் ஸ்கூல்ல (அரசு பணத்துல, ஆனா தனி நிர்வாகத்துல நடக்கற ஸ்கூல்), பேரண்ட்ஸ் ஸ்கூலுக்கு இலவசமா உதவி செய்யற வாலண்டியர் ஹவர்ஸ் முடிக்கலைன்னா அடுத்த வருஷம் சீட்டுக்கு கேரண்டி இல்லன்னு ஈமெயில் வந்திருக்கு, ஆபீஸ்ல போய் கேட்டா "நாங்க சார்டர், எட் கோடு எங்களுக்குப் பொருந்தாது"ங்கறாங்களாம். எட் கோடுன்னா கலிஃபோர்னியாவோட கல்விச் சட்டத் தொகுப்பு. நிஜமான்னு கேக்கறாங்க.

பாதி நிஜம்ங்க, அந்தப் பாதிய வச்சுத்தான் மிரட்டுறாங்க. 1992ல கலிஃபோர்னியா சார்டர் சட்டம் கொண்டு வந்தப்பவே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்குன்னு எழுதின விதிங்கள்ல முக்கால்வாசி சார்டருக்கு வேணாம்னு விட்டுட்டாங்க, செக்‌ஷன் 47610, மெகா வெய்வர், அதாவது மொத்தமா ஒரு பெரிய விலக்குன்னு சொல்லுவாங்க. ஆனா சார்டர் சட்டத்துக்குள்ள இருக்கறது அத்தனையும் அவங்களுக்குப் பொருந்தும், வேற சட்டத்துல "சார்டர் ஸ்கூல் உட்பட"ன்னு பேர் சொல்லியிருந்தா அதுவும் பொருந்தும். ஸ்பெஷல் எஜுகேஷன் மாதிரி ஃபெடரல் விஷயத்துல தப்பிக்கவே முடியாது.

உங்க விஷயம் சார்டர் சட்டத்துலயே இருக்கு, செக்‌ஷன் 47605. பேரண்ட்ஸ வாலண்டியர் பண்ணச் சொல்லி ஊக்கப்படுத்தலாம், ஆனா சேர்றதுக்கோ தொடர்ந்து படிக்கறதுக்கோ அது கண்டிஷன் இல்லன்னு ஸ்கூலே உங்களுக்குச் சொல்லணும். உங்க ஸ்கூல் சொல்றது இதுக்குத் தலைகீழா!

2013ல ஒரு அப்பீல் கோர்ட், டிஸ்ட்ரிக்ட் ஸ்கூலோட எக்ஸ்பல்ஷன் (பிள்ளைய ஸ்கூலை விட்டு நீக்கறது) நடைமுறை சார்டரைக் கட்டுப்படுத்தாதுன்னே சொல்லிடுச்சு. அப்புறம் 2017ல ஏபி 1360ங்கற மாநிலச் சட்டத்தை பாஸ் பண்ணி, எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளைய வெளிய அனுப்பறதுன்னா குறைஞ்சது 5 ஸ்கூல் நாளைக்கு முன்னாடி எழுத்துல நோட்டீஸ் தரணும், ஹியரிங் கேக்கற உரிமையும் உண்டுன்னு ஆக்கினாங்க. நோட்டீஸ் தாய்மொழியில இருக்கணும், அதாவது உங்களுக்குத் தமிழ்ல. ஆபீஸ்காரங்க முகத்தைப் பாக்கணும்!

முதல்ல செக்‌ஷன் நம்பர் போட்டு பிரின்சிபலுக்கு ஈமெயில் அனுப்புங்க, வாய்ப்பேச்சு வேணாம். மசியலைன்னா சார்டருக்கு அனுமதி கொடுத்த டிஸ்ட்ரிக்ட் இல்ல கவுண்டிகிட்ட புகார் கொடுங்க, அந்த ஃபார்ம் ஸ்டேட் எஜுகேஷன் டிபார்ட்மெண்ட் சைட்ல இருக்கு. 2019ல வந்த எஸ்பி 126ங்கற சட்டத்துக்கு அப்புறம் சார்டர் போர்டு மீட்டிங்கும் பொதுவுல நடக்கணும், போய்ப் பேசலாம். அதுவரைக்கும் "நாங்களே விலகறோம்"ங்கற மாதிரி எந்த ஃபார்ம் நீட்டினாலும் கையெழுத்து போட்டுடாதீங்க, போட்டா வெளிய அனுப்பினது அவங்க இல்ல, நீங்களா போனதா ஆயிடும்.