மோடமை மாற்றும் முன் போர்ட்டைப் பாருங்கள்: கேள்வி பதில்

பழைய கணினிகளில் சீரியல் போர்ட்டும் (காம் 1, காம் 2 என்று எண்ணிடப்படுவது), போன் லைன் வழி இணைக்கும் மோடமும் தென்படாத சிக்கல் பற்றி கோலாலம்பூர் அன்பர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (செந்தூல்): அண்ணே, 486 கணினி. மவுஸ் காம் 1-ல், உள்ளே செருகும் மோடம் கார்டு காம் 3-ல். இரண்டும் கண்டுபிடிக்கப்படுகின்றன. ஆனால் டயல் செய்த உடனே மவுஸ் நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: தம்பி, முகவரி வேறு வேறுதான்: காம் 1-க்கு 3எஃப்8, காம் 3-க்கு 3ஈ8. அதனால் இரண்டும் தென்படும். ஆனால் இரண்டுக்கும் ஐஆர்க்யூ, அதாவது கருவி பிராசஸரைக் கூப்பிடும் தடம், ஒன்றே, 4. காம் 2-ம் காம் 4-ம் அதே மாதிரி 3-ஐப் பகிர்கின்றன. ஐஎஸ்ஏ என்ற பழைய வகைச் செருகு கார்டுகள் ஒரே ஐஆர்க்யூவை ஒரே நேரத்தில் பங்கு போட்டுக்கொள்ளாது. முதலில் பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) மதர்போர்டின் சொந்தக் காம் 2-ஐ அணைத்துவிடுங்கள். பிறகு மோடத்தின் ஜம்பரை (கார்டில் உள்ள சிறு இணைப்பு மூடி) காம் 2-க்கு, அதாவது 2எஃப்8, ஐஆர்க்யூ 3-க்கு மாற்றுங்கள். அணைக்காமல் மாற்றினால் ஒரே முகவரியில் இரண்டு போர்ட்டும் பதில் சொல்லும், எதுவும் ஒழுங்காக வராது. காம் 4-க்குப் போக வேண்டாம். எஸ்3 வகை வீடியோ கார்டுகள் 2ஈ8 முகவரியைத் தாங்களே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி (செராஸ்): வேறொரு பழைய மதர்போர்டு போட்டேன். கேபிளும் பிராக்கெட்டும் முந்தைய போர்டில் இருந்தவை. பயாஸில் காம் 1 இருக்கிறது, ஆனால் வெளி மோடம் பேசவே இல்லை.

பதில்: கேபிள்தான் காரணமாக இருக்கும். இந்தக் கோளாறைப் பலர் போர்ட் போய்விட்டது என்று நினைத்து போர்டையே ஒதுக்கிவிடுகிறார்கள், பாவம். போர்டில் இருக்கும் பத்து முள் இணைப்பிலிருந்து டிபி9-க்கு (வெளியே தெரியும் ஒன்பது முள் இணைப்பு) வரும் கேபிளில் இரண்டு வகை உண்டு, வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் போர்டின் 5-ஆம் முள் டிபி9-ன் 5-க்குப் போகும். இன்னொன்றில் 9-ஆம் முள்தான் அங்கே போகும்.

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கு வையுங்கள். ஒரு கம்பியைக் கணினிப் பெட்டியின் உலோகத்தில், இன்னொன்றை டிபி9-ன் 5-ஆம் முள்ளில், அதாவது தரை முள்ளில், தொடுங்கள். ஒலித்தால் கேபிள் சரி. 5 ஒலிக்காமல் 3 அல்லது 9 ஒலித்தால் தவறான வகை. முள் 3 தரையோடு சேர்ந்திருந்தால் அனுப்பும் சிக்னலே வெளியேறாது.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): மோடம் இல்லாமலே போர்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க முடியுமா, சார்?

பதில்: முடியும். டிபி9-ல் 2, 3 ஆகிய முட்களை ஒரு பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். ஹைப்பர்டெர்மினல் என்ற பழைய விண்டோஸ் மென்பொருளில் வேகம் 9600, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை, லோக்கல் எக்கோவும் (தட்டியதை மென்பொருளே திரையில் காட்டுவது) இல்லை என்று வைத்து ஏதாவது தட்டுங்கள். எழுத்து திரையில் வர வேண்டும், கிளிப்பை எடுத்ததும் நின்றுவிட வேண்டும். எடுத்த பின்னும் வந்தால் எக்கோ இயங்குகிறது, அந்தச் சோதனை செல்லாது.

எழுத்தே வரவில்லையா? மீட்டரை டிசி வோல்ட்டுக்கு வைத்து 3-க்கும் 5-க்கும் இடையே அளவெடுங்கள். சும்மா இருக்கும்போது மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வரை காட்டும். பூஜ்யம் என்றால் பவர் சப்ளையின் மைனஸ் 12 வோல்ட், நீல வயர், வருகிறதா என்று பாருங்கள். கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், சீரியல் மட்டும் ஊமையாகிவிடும். அந்த வோல்ட் வந்தும் பூஜ்யமே என்றால் போர்ட்டை ஓட்டும் 75232 சிப் போயிருக்கும். ஜாலான் பாசார் பாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

டாஸில் (விண்டோஸுக்கு முந்தைய கட்டளைத் திரை) இன்னொரு வழி: டீபக் (DEBUG) என்ற நிரலைத் திறந்து டி 40:0 என்று தட்டுங்கள். முதல் இரண்டு பைட்டுகள் எஃப்8 03 என்று தலைகீழாக வந்தால் பயாஸ் காம் 1-ஐக் கண்டது. 00 00 என்றால் காணவில்லை. காம் 3, 4-ஐத் தேடாத பழைய பயாஸ்களும் உண்டு, அவற்றுக்கு அங்கே பூஜ்யம் இருந்தால் கவலை வேண்டாம்.

கேள்வி (கெப்போங்): நேற்று இடி மின்னல். மோடமுக்கு ஏடி என்ற கட்டளையைத் தட்டினால் ஓகே வருகிறது, டயல் செய்தால் 'நோ டயல் டோன்'. எக்ஸ்3 போட்டால் சரியாகுமா?

பதில்: ஓகே வந்தால் கணினிப் பக்கம் நலம். எக்ஸ்3 டயல் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யச் சொல்லும், அவ்வளவுதான். லைன் பக்கம் எரிந்திருந்தால் அது ஒன்றும் செய்யாது. முதலில் வயர் லைன் சாக்கெட்டில்தான் இருக்கிறதா, போன் சாக்கெட்டில் மாறி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஏடிஎச்1 தட்டினால் ரிலே 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றாலும், கேட்டும் டோன் இல்லை, அதே வயரில் சாதாரண போன் வேலை செய்கிறது என்றாலும் மோடம் போய்விட்டது. நம் ஊரில் மின்னல் போன் வயர் வழியாகவும் வரும். மழை கறுக்கும்போது மின்சார பிளக்கோடு அதையும் பிடுங்கி வையுங்கள்.

கேள்வி (வாங்சா மாஜு): விண்டோஸ் 98-ல் வேலை செய்யும் பிசிஐ (ஐஎஸ்ஏ-க்குப் பின் வந்த செருகு வகை) மோடத்தை டாஸ் பார்க்க மாட்டேன் என்கிறதே?

பதில்: அது சாஃப்ட் மோடமாக இருக்கும். வேலையில் பெரும்பகுதியை விண்டோஸ் டிரைவர் செய்கிறது, டாஸில் அந்த டிரைவர் கிடையாது. ஜம்பர் உள்ள ஐஎஸ்ஏ கார்டோ வெளி மோடமோ வாங்குங்கள்.

கேள்வி (செத்தாபாக்): யூஎஸ்பி சீரியல் கேபிள் காம் 12 ஆகிவிட்டது, கடைத் தராசின் பழைய மென்பொருள் 4-க்கு மேல் காட்டவில்லை.

பதில்: டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் அட்வான்ஸ்ட் பக்கத்தில் எண்ணைக் 2-க்கு மாற்றலாம். 'பயன்பாட்டில் உள்ளது' என்று சொன்னால், முன்பு செருகி எடுத்த கருவி அந்த எண்ணைப் பிடித்திருக்கும். மறைந்த கருவிகளைக் காட்டச் செய்து பழையதை நீக்கிவிட்டு மாற்றுங்கள்.