ராஜ்மா, கொள்ளு, தக்காளி: லெக்டின் பயம் பற்றிய கேள்விகள்

கேள்வி: பருப்பு, தக்காளி, கோதுமை எல்லாவற்றிலும் லெக்டின் என்ற விஷம் இருப்பதாக ஒரு வீடியோவில் பார்த்து, அம்மா சாம்பார் வைப்பதையே நிறுத்திவிட்டார். உண்மையா?

பதில்: முதலில் அம்மாவை மறுபடி சாம்பார் வைக்கச் சொல்லுங்கள். லெக்டின் என்பது சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் ஒருவகைப் புரதம். அதில் பல வகை உண்டு. 1888ல் ஸ்டில்மார்க் என்பவர் ஆமணக்கு விதையில் ஆராய்ந்த ரிசினும் லெக்டின்தான். அது ஆளையே கொல்லும். தக்காளியில் இருப்பதும் லெக்டின்தான். அதைக் காலம் காலமாகச் சாப்பிட்டு வருகிறோம். பெயர் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒன்றாகப் பேசுவது தவறு. குழைய வெந்த துவரம்பருப்பில் பயப்பட எதுவும் இல்லை.

கேள்வி: ஊறவைத்த ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் வைத்துச் சாப்பிட்டோம். இரண்டு மணி நேரத்தில் மூன்று பேருக்கும் வாந்தி, பேதி. பீன்ஸ் கெட்டுப்போயிருந்ததா?

பதில்: கெட்டிருக்க வேண்டியதில்லை, வேகாமல் இருந்திருக்கலாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளும் நேரமும் ராஜ்மா லெக்டினுக்கு அப்படியே பொருந்துகின்றன. சிவப்பு ராஜ்மாவில் இது மிக அதிகம். பச்சையாக நான்கைந்து விதை தின்றாலே போதும். பச்சை விதையில் 20,000 முதல் 70,000 அலகு வரை இருக்கும் லெக்டின், நன்கு வெந்தபின் 200 முதல் 400 அலகாகக் குறைந்துவிடும். ஸ்லோ குக்கர் பல நேரம் கொதிநிலையைத் தொடுவதே இல்லை. 80 டிகிரியில் அரைவேக்காடாக நின்றால் பச்சை விதையைவிட நச்சு கூடவும் செய்யும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். நம் பிரஷர் குக்கர் இதற்கு அருமையான பாத்திரம். டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

கேள்வி: எடை குறையக் கொள்ளை லேசாக வறுத்துப் பொடித்து, வெந்நீரில் கலந்து குடிக்கிறேன். சரிதானே?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 2006ல் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, வெள்ளை பீன்ஸைச் சில நிமிடம் வறுத்துப் பொடித்துச் சாப்பிட்டால் எடை குறையும் என்றது. அதை நம்பிச் செய்த பலர் வாந்தியும் பேதியுமாக மருத்துவமனைக்குப் போனார்கள். லேசான வறுவல் உள்ளே வரை வேகவைக்காது. கொள்ளிலும் லெக்டின் உண்டு. அது ஏ ரத்தப் பிரிவின் உட்பிரிவான ஏ1 வகை ரத்த அணுக்களை ஒட்டித் திரளவைக்கும் என்பதால், ஆய்வகங்களில் ஏ1, ஏ2 ரத்தத்தைப் பிரித்தறிய அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர்த் தானியத்துக்கு இப்படியொரு வேலை இருப்பது எனக்கு எப்போதும் பெருமைதான்! கொள்ளை விடவேண்டாம், ரசமாகவோ, வேகவைத்துக் கடைந்தோ சாப்பிடுங்கள்.

கேள்வி: தக்காளியின் தோல், விதையை எடுத்துவிட வேண்டுமா?

பதில்: லெக்டினுக்காக வேண்டாம்.

கேள்வி: முளைகட்டிய பயறு?

பதில்: முளைக்கும்போது லெக்டின் குறையும். ஆனால் பச்சை முளையில் கிருமி வளரும் ஆபத்து தனி. கர்ப்பிணிகள், முதியவர்கள் ஆவியில் வேகவைத்தே சாப்பிடட்டும். ராஜ்மாவை மட்டும் முளைகட்டினாலும் யாரும் பச்சையாகச் சாப்பிடக் கூடாது.

கேள்வி: சுண்டல் சாப்பிட்டாலே வயிறு உப்புகிறது. லெக்டின்தானே?

பதில்: நன்றாக வெந்த சுண்டல் என்றால் காரணம் வேறு. கடலையில் உள்ள சில சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைப்பதால் வாயு உண்டாகிறது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். முதல் வாரம் இரண்டு ஸ்பூன் போதும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.