பதில்: அப்பாவுக்குக் காய்ச்சல், சோதனைப் பட்டையில் ஒரே கோடு

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் அப்பாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், ஆன்லைனில் வாங்கிய டெங்கு, எலிக்காய்ச்சல் சோதனைப் பட்டையில் ‘சி’ கோடு மட்டும் வந்தது, நிம்மதியாக இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்க முடியாது. பட்டை ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கு மட்டும்தான் ‘சி’ கோடு சாட்சி. எலிக்காய்ச்சல் பட்டை பொதுவாகத் தேடுவது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருளை. அது தெரிய ஏறக்குறைய 5 நாளாவது ஆகும். டெங்கு பட்டையில் என்எஸ்1 (டெங்கு கிருமியின் புரதத்தைத் தேடும் சோதனை) இருக்கிறதா என்று பெட்டியைப் பாருங்கள். அது முதல் நாளிலிருந்தே காட்டக்கூடியது. ஆனால் முன்பே டெங்கு வந்தவருக்குத் தவறவிடவும் கூடும்.

பால் பிடிக்கும் சிரட்டையில் தேங்கும் தண்ணீரில் டெங்கு கொசு, ஈரமான தோட்டத்தில் எலியின் சிறுநீர்... அப்பாவுக்கு இரண்டுமே வர வாய்ப்புண்டு. காலையிலேயே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கூட்டிப் போங்கள். என்ன வேலை என்பதையும் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் சந்தேகம் வலுத்தால் முடிவுக்குக் காத்திராமலே டாக்டர் மருந்து தொடங்கலாம். அதுவரை பாரசிட்டமால் போதும், மெடிக்கலில் கேட்டு வேறு வலி மாத்திரை வாங்க வேண்டாம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவு, இதில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரியே கிளம்பிவிடுங்கள்.