எக்ஸோசோம் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: சரும கிளினிக்கில் எக்ஸோசோம் சிகிச்சை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முகம் பொலிவாகுமாம், முடியும் வளருமாம். இதே எக்ஸோசோமைப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் பயன்படுத்துவதாகப் படித்தேன். நம்பலாமா?

பதில்: பரிசோதனையை நம்பலாம், ஊசி வேண்டாம். நம் செல்கள் எல்லாமே ஓயாமல் நுண்ணிய பைகளை வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றன. அதில் ஒரு வகைதான் எக்ஸோசோம், அளவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். செல் தனக்கு வேண்டாததைக் கழித்துவிடும் வழி என்றுதான் 1980களில் நினைத்தார்கள். 2007-ல், ஒரு செல்லின் பையில் இருந்த ஆர்.என்.ஏ. (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) வேறொரு செல்லுக்குள் போய் அங்கே புரதம் தயாரிக்க வைத்தது என்று தெரிந்ததும் நிலைமையே மாறிப்போனது.

இன்று சிறுநீரில் வரும் எக்ஸோசோமின் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து, புரோஸ்டேட் புற்றுநோயா என்று சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி தேவையா என்று முடிவெடுக்க உதவும் பரிசோதனை இருக்கிறது, அதற்கு ஊசிகூட வேண்டாம். ஐரோப்பாவில் 2013-ல் அனுமதி பெற்ற பெக்ஸெரோ என்ற மூளைக்காய்ச்சல் தடுப்பூசியில் பாக்டீரியா விடும் பைகளையே ஒரு பாகமாகச் சேர்த்திருக்கிறார்கள். விவசாயத்தையும் விடவில்லை: செடி இந்தப் பைகளில் சிறு ஆர்.என்.ஏ.வை அனுப்பித் தன்னைத் தாக்கும் பூஞ்சையின் மரபணுக்களை அடக்குகிறது என்று 2018-ல் காட்டினார்கள். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த கண்டுபிடிப்பு.

சரி, கிளினிக்கில் எக்ஸோசோம் என்று சொல்லிப் போடும் சீரத்துக்கு வருவோம். புட்டியில் 'இத்தனை கோடி எக்ஸோசோம்' என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது திரவத்தில் மிதக்கும் துகள்கள் மீது லேசர் அடித்து எண்ணும் கருவி சொன்ன கணக்கு, அந்தக் கருவிக்குக் கொழுப்புத் துகளும் ஒன்றுதான், புரதக் கட்டியும் ஒன்றுதான், எக்ஸோசோமும் ஒன்றுதான். எந்த செல்லிலிருந்து எடுத்தது, எப்படிச் சுத்தம் செய்தது, உறையவைத்து உருக்கியதில் எவ்வளவு மிஞ்சியது என்பதெல்லாம் அந்த எண்ணிக்கையில் தெரியாது. அதைவிட முக்கியம், மேலே தடவத் தயாரித்த சீரத்தை ஊசியால் தோலுக்குள் இறக்கினால் கிருமித்தொற்று வரலாம். அனுமதி பெற்ற எக்ஸோசோம் மருந்து எதுவுமே இல்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019-ல் எச்சரித்ததே, எக்ஸோசோம் என்று விற்கப்பட்டதைப் போட்டுக்கொண்ட சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்த பிறகுதான்.

முடி கொட்டுவதுதான் கவலை என்றால் முதலில் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு என்று காரணம் வேறாக இருக்கலாம், அதற்கு ரத்தப் பரிசோதனை போதும்.