வளவை விற்றா மகளை இன்டீரியர் டிசைன் படிக்க வைப்பது?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியை. கணவர் ஓடாவி. வீட்டோடு சின்னத் தச்சுப் பட்டறை, இரண்டு பேர் அவரிடம் வேலை செய்கிறார்கள். மூத்த மகளுக்கு உயர்தரத்தில் கலைப்பிரிவில் பெறுபேறு பரவாயில்லை, ஆனால் விரும்பிய துறைக்கு வெட்டுப்புள்ளி காணாது. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் இன்டீரியர் டிசைன் பட்டம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். மூன்று வருடம், 30 லட்சம், பதிவுக்கு உடனே ஒன்றரை லட்சம் கட்டச் சொல்கிறார்கள். எங்களிடம் நிலையான வைப்பில் 16 லட்சம், 18 பவுன் நகை, மகளுக்கென்று வைத்திருக்கும் 20 பேர்ச் வளவு. செலவு போக மாதம் 35,000 ரூபாய் மிஞ்சும். மகன் ஒன்பதாம் ஆண்டு. "படிப்பும் சீதனம்தானே, வளவை விற்போம்" என்கிறார் கணவர். "திரைச்சீலைக்கு நிறம் பார்க்கப் பழக 30 லட்சமா?" என்கிறார் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவும் இல்லை, மறுக்கவும் முடியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வளவை விற்க வேண்டாம் சகோதரி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாகப் பார்ப்போம்.

உங்கள் அண்ணன் கேட்டது கோபத்தில் கேட்டதாக இருக்கலாம், ஆனால் அதுதான் சரியான கேள்வி. 30 லட்சத்துக்கு என்ன சொல்லித் தருகிறார்கள் என்று தெரியாமல் அது கூடவா குறையவா என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் பத்து வருடத்துக்கு முன்னர் அவரைப் போலத்தான் நினைத்திருந்தேன். பிறகு ஆரையம்பதியில் வீடு கட்டினோம், குசினி மேடையை மேசனார் தன் கைக்கு வசதியான உயரத்தில் கட்டிவிட்டுப் போனார், என் மனைவி ஒரு வருடம் தோளை உயர்த்திக்கொண்டே கறி நறுக்கினா. அடுப்புக்கு மேலே ஜன்னல், காற்று வந்தால் நெருப்பு அணையும். பிளக் பொயின்ட் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். கடைசியில் மேடையை உடைத்துத் திரும்பக் கட்டினோம். ஒழுங்கான ஒரு வரைபடம் இருந்திருந்தால் அந்தச் செலவு இல்லை. முழங்கை உயரத்துக்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும் என்பது இந்தப் படிப்பில் முதல் வருடத்திலேயே வந்துவிடுகிற விஷயம்.

சரி, அந்தப் படிப்பில் என்னதான் இருக்கிறது? நிறம், துணி, அலங்காரம் எல்லாம் உண்டு, ஆனால் அது ஒரு சின்னப் பங்கு. நடுவில் இருப்பது ஸ்டூடியோ. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு இடத்தைக் கொடுப்பார்கள், ஒரு மருந்துக்கடை, ஒரு பாலர் பாடசாலை, ஒரு சின்ன ஹோட்டல் என்று. யார் அங்கே வருவார்கள், எப்படி நடப்பார்கள், எங்கே நெரிசல் வரும், சக்கர நாற்காலியில் வருகிறவர் எப்படித் திரும்புவார் என்று பார்த்து, கையால் கீறி, அளவோடு வரைந்து, மட்டையில் மாதிரி செய்து, ஆசிரியர்களுக்கு முன்னால் வைத்து விளக்க வேண்டும். அவர்கள் குடைந்து கேட்பார்கள். திரும்பவும் முதலிலிருந்து வரைய வேண்டி வரும். ஒரு நல்ல பட்டத்தின் விலையில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது, இதை யூடியூப் பார்த்துப் பழக முடியாது.

அதோடு தளப்படம், வெட்டுமுகம், முகப்புப்படம் வரைதல். ஓட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட் மாதிரி மென்பொருட்கள். மரம், பிளைவுட், எம்.டி.எஃப், கண்ணாடி, டைல், ஜிப்சம் எது எந்த ஈரத்தைத் தாங்கும், எதை எதோடு எப்படிப் பொருத்துவது. விளக்கு என்றால் வெறும் பல்ப் இல்லை, 3000 கெல்வின் மஞ்சள் ஒளி எங்கே, 6500 கெல்வின் வெள்ளை ஒளி எங்கே, படிக்கிற மேசையில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்கிற கணக்கு. மின்சாரம், தண்ணீர், ஏசி இழுக்கிற வழி, தீப்பிடித்தால் வெளியேறும் வழி, சத்தம் எதிரொலிக்காமல் தடுப்பது. வரலாறும் உண்டு: 1919இல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியிலிருந்து நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வரை. நம் பக்கத்து நாற்சார் வீட்டில் நடுமுற்றம் ஏன் வீட்டைக் குளிர வைக்கிறது என்பதும் அதற்குள் வந்துவிடும், வர வேண்டும். கடைசி வருடத்தில் பொருள் அளவுப் பட்டியல், அதாவது பி.ஓ.கியூ தயாரிப்பது, விலைமதிப்பு, ஒப்பந்தம், வாடிக்கையாளரிடம் கட்டணம் பேசுவது, வேலைத்தளப் பயிற்சி, சொந்தமாக ஒரு பெரிய செயற்றிட்டம். படிப்பு முடிகிறபோது கையில் இருக்க வேண்டியது சான்றிதழோடு ஒரு போர்ட்ஃபோலியோ, அதாவது தான் செய்த வேலைகளின் தொகுப்பு. வேலை தருகிறவர் முதலில் புரட்டுவது அதைத்தான். ஒன்றை மட்டும் மகளுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்: இதைப் படித்து ஆர்க்கிடெக்ட் ஆக முடியாது, அது வேறு படிப்பு.

இனிக் கணக்கு. இந்தப் பாடங்களைப் பணத்தோடு வைத்துப் பார்த்தால் மூன்று குவியலாகப் பிரியும். மரம், பொருத்து, சட்டகம், பொலிஷ், பிணைச்சல் எல்லாம் உங்கள் வீட்டுப் பட்டறையில் இருக்கிறது. கடல் காற்றுக்கு ஆறு மாதத்தில் துருப்பிடிக்கிற பிணைச்சல் எது, பத்து வருடம் நிற்பது எது என்று உங்கள் கணவருக்குத் தெரிகிற அளவு கொழும்பில் பாடம் எடுக்கிறவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. மென்பொருளும் வரைதலும் மட்டக்களப்பிலேயே குறைந்த செலவில் பழகலாம். ஸ்டூடியோ, விளக்கு, மின்சாரம் தண்ணீர் மாதிரிக் கட்டடச் சேவைகள், பி.ஓ.கியூ, பயிற்சி, இந்த மூன்றாவது குவியலுக்குத்தான் நீங்கள் காசு கொடுக்க வேண்டும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னர் நிறுவனத்திடம் பாட அலகுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். வாரத்துக்கு ஸ்டூடியோ எத்தனை மணி, பயிற்சிக்கு அவர்களே அனுப்புவார்களா, போன வருட மாணவர்களின் இறுதி வேலைகளைப் பார்க்கலாமா? மூன்று வருடமும் மென்பொருளும் நிறச் சக்கரமும்தான் என்றால் அந்த இடம் 30 லட்சம் பெறாது, வேறு இடம் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் அதற்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நேரே கேளுங்கள், நிறுவனத்தின் வாய்ச்சொல் போதாது.

செலவு 30 லட்சத்தோடு முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கொழும்பில் தங்க, சாப்பிட, போய்வர மாதம் 40,000 என்று வைத்தால் 36 மாதத்துக்கு 14.4 லட்சம். இந்த மென்பொருட்கள் ஓடுகிற லப்டொப் மூன்றரை லட்சம் வரும். மட்டை, பசை, பெரிய தாளில் அச்சு என்று மாதம் ஆறாயிரம் தனியாக ஓடும், அது 2.16 லட்சம். எல்லாம் கூட்டினால் 50 லட்சம். உங்கள் பக்கம் பார்ப்போம். வைப்பில் 4 லட்சத்தைத் தொடாமல் அவசரத்துக்கு வைத்தால் 12 லட்சம், மாத மிச்சம் மூன்று வருடத்துக்கு 12.6 லட்சம், ஆக 24.6 லட்சம். பாதிதான். மிச்சத்தில் 20 லட்சத்தைக் கடனாக எடுத்து, உதாரணமாக 13 வீத வட்டியில் ஐந்து வருடத்தில் கட்டினால் மாதத் தவணை 45,500 ரூபாய் அளவில் வரும். உங்களிடம் மிஞ்சுவதே 35,000. முடியாது. அதனால்தான் வளவு ஞாபகத்துக்கு வருகிறது, அது எனக்கு விளங்குகிறது.

ஆனால் வேறு வழி இருக்கிறது, அது படிகளாகப் போகிற வழி. இந்த ஒரு வருடம் மகள் வீட்டில் இருந்தபடியே படிக்கட்டும். மட்டக்களப்பு தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைதல் பக்கமாக என்ன பாடநெறி திறந்திருக்கிறது என்று கேளுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஓட்டோகேட் வகுப்பு. ஆங்கிலத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும், தமிழில் உயர்தரம் எடுத்த பிள்ளை ஆங்கிலத்தில் நின்று தன் வரைபடத்துக்கு வாதாட வேண்டிய படிப்பு இது. பின்னேரங்களில் அப்பாவின் பட்டறையில் நின்று, வருகிற ஒவ்வொரு பென்ட்ரி (குசினி அலுமாரி) வேலைக்கும் அலுமாரிக்கும் அவளே அளவெடுத்து வரையட்டும். பன்னிரண்டு மாதத்தில் ஒரு போர்ட்ஃபோலியோ உருவாகிவிடும், இந்த வேலை உண்மையில் பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். நீங்கள் 4.2 லட்சம் சேர்த்திருப்பீர்கள். இதற்கிடையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பட்டத்துக்கும் விண்ணப்பிக்கத் தகுதி வருமா என்று பாருங்கள். அது இன்டீரியருக்கு மட்டுமான படிப்பு இல்லை, உளச்சார்புப் பரீட்சை எழுத வேண்டும், போட்டியும் கடுமை, ஆனால் கல்விக் கட்டணம் இல்லை. திரும்ப உயர்தரம் எழுத அவளுக்கு விருப்பம் என்றால் இந்த வருடமே அதற்கும் பொருத்தம்.

அதன் பிறகும் தனியார் நிறுவனம்தான் என்றால், இரண்டு வருட எச்.என்.டி (உயர் தேசிய டிப்ளோமா) முடித்துப் பிறகு ஒரு வருடம் படித்துப் பட்டமாக்குகிற முறை உள்ள இடத்தைத் தேடுங்கள். இரண்டு வருடத்துக்கு அதே விகிதத்தில் கட்டணம் 20 லட்சம், தங்கும் செலவு 9.6, லப்டொப் 3.5, பொருட்கள் 1.44, ஆக 34.5 லட்சம். வைப்பில் 12, சேர்த்தது 4.2, அந்த இரண்டு வருட மிச்சம் 8.4, மொத்தம் 24.6. பத்து லட்சம் குறையும். அதற்கு நகையை எடுக்கலாம். ஒரு பவுன் 2 லட்சத்துக்கு மேலே போய்விட்ட காலத்தில் ஐந்து பவுனுக்குள் அடங்கிவிடும். ஆனால் அடைவு வைக்காதீர்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு வருமானம் வராத செலவுக்கு அடைவு வைத்தால் வட்டி ஏறி, மீட்க முடியாமல் கடைசியில் நகை ஏலத்துக்குப் போகும், இதை நம் ஊரில் எத்தனை வீட்டில் பார்த்துவிட்டோம். விற்பதென்றால் விற்றுவிடுங்கள், தேவைப்படுகிற தவணைக்குத் தேவைப்படுகிற அளவு மட்டும். கடைசி ஒரு வருடத்தை அவள் வேலை செய்துகொண்டு, தன் சம்பளத்தில் பிறகு படிக்கலாம். அந்த நேரம் மகன் உயர்தரத்தில் இருப்பான், அவனுக்கும் செலவு வரும், அதனால் இந்த இடைவெளி உங்களுக்குத் தேவை.

2017இலிருந்து தனியார் உயர்கல்விக்கு அரசின் வட்டியில்லா மாணவர் கடன் ஒன்று இருக்கிறது. அங்கீகரித்த நிறுவனங்களின் குறிப்பிட்ட பட்டங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். மகள் பார்க்கிற துறை பட்டியலில் இருந்தால் கணக்கே மாறிவிடும், நகையைத் தொடவே வேண்டி வராது. கட்டாயம் விசாரியுங்கள்.

வைப்புப் பற்றி ஒரு சொல்: 16 லட்சமும் ஒரே நிறுவனத்தில் ஒரே பெயரில் இருந்தால் மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி 11 லட்சம் வரைதான். வட்டியில் இப்போது 10 வீத வரி பிடிக்கிறார்கள், உங்கள் ஆண்டு வருமானம் 18 லட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அதை நிறுத்தலாம்.

வளவுக்கு வருகிறேன். படிப்பும் சீதனம்தான் என்று ஒரு ஓடாவி அப்பா சொல்வதைக் கேட்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆனால் நம் மட்டக்களப்பில் வீடு வளவு பெண்பிள்ளைக்கு எழுதுவது வெறும் கலியாணச் செலவு இல்லை, நாளைக்கு எது நடந்தாலும் அவள் நிற்கிற நிலம் அது. அதோடு தொழில் பக்கமாகவும் ஒரு காரணம் உண்டு. நம் பக்கத்தில் வரைபடத்துக்கு மட்டும் காசு கொடுக்கிற பழக்கம் குறைவு, "ஒரு கீறலுக்கு இவ்வளவா?" என்பார்கள், ஆனால் செய்து பூட்டின பென்ட்ரிக்கு மறுபேச்சில்லாமல் கொடுப்பார்கள். கல்முனையில் கடை திருத்துகிறவரும், பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் அறை கட்டுகிறவரும், கத்தாரிலிருந்து காசு அனுப்பி வீடு கட்டுகிறவரும் வரைந்து, செய்து, பூட்டித் தருகிற ஒரே ஆளைத்தான் தேடுகிறார்கள். அப்பாவின் பட்டறையும் மகளின் படிப்பும் சேர்ந்தால் வரைபடக் கட்டணம் வேலையின் விலைக்குள்ளேயே வந்துவிடும். அந்தத் தொழிலை விரிக்க ஒரு நாள் இடம் வேண்டும், அல்லது வங்கிக்குக் காட்ட ஒரு பிணை வேண்டும். அதற்கு இந்த 20 பேர்ச் தேவைப்படும்.

ஒன்றரை லட்சத்தை இந்த வாரம் கட்டாதீர்கள். "இடம் முடிந்துவிடும்" என்று தொலைபேசியில் அவசரப்படுத்துவார்கள், பரவாயில்லை. விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள், இரண்டு வருடத்தோடு நிறுத்தினால் என்ன சான்றிதழ், அடுத்த வருடம் கட்டணம் கூடுமா, டொலரிலா ரூபாயிலா கணக்கு, இந்த நாலையும் எழுத்தில் கேளுங்கள். பதிலும் பாட அலகுப் பட்டியலும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம்.